ஆக்கர் கடையா, இடிக்கும் வீடா, மட்டாஞ்சேரியா? பழம்பொருள் தேடுவோருக்கு ஓர் ஒப்பீடு

என் மேசையில் ஒரு பித்தளை வெற்றிலைச் செல்லம் இருக்கிறது. தக்கலைப் பக்கம், பழைய சாமானை எடைக்கு வாங்கி விற்கும் ஓர் ஆக்கர் கடையில், உடைந்த மிக்ஸி ஜார்களுக்கு அடியில் கிடந்தது. மூடியைத் திறந்தால் சிறு கிண்ணத்தில் சுண்ணாம்பு காய்ந்து கல்லாகியிருந்தது. அதில் ஒரு விரல் வழித்தெடுத்த தடம் அப்படியே இருந்தது. அடியில் இரண்டு எழுத்தும் 1103 என்ற எண்ணும் கொத்தியிருந்தார்கள். பழைய திருவிதாங்கூர்க் கணக்கான கொல்லம் ஆண்டில் 1103 என்றால் 1927-28. எடை போட்டுப் பார்த்து 600 ரூபாய்க்குக் கொடுத்தார்கள்.

அதைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: இப்படிப்பட்டது எங்கே கிடைக்கும்? போன மாதம் மட்டும் மூன்று பேர் கேட்டார்கள். குழித்துறையில் புது வீடு கட்டுகிறவருக்கு ஒரு பெரிய உருளியும் (வாய் அகன்ற வெண்கலப் பாத்திரம்) பழைய கதவு ஒன்றும் வேண்டும். நாகர்கோவிலில் படிக்கும் ஒரு மாணவிக்குக் கையில் காசு குறைவு, ஆனால் ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சும்மா இருக்கிறது. துபாயிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவுக்காரர் ஒருவருக்குப் பத்து நாளில் ஏதாவது வாங்கிக்கொண்டு போகவேண்டும். மூன்று பேருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது. தமிழ்நாடும் கேரளமும் சேரும் எங்கள் குமரி எல்லைப் பகுதியில் இதற்கு நான்கு வழிகள் உண்டு: ஆக்கர் கடை, இடிக்கும் பழைய வீடு, கொச்சியின் மட்டாஞ்சேரியில் உள்ள பழம்பொருள் கடைகள், போனில் படம் பார்த்து வாங்குவது. ஒவ்வொன்றும் ஒவ்வொருவருக்குப் பொருந்தும்.

## எதை வைத்து முடிவு செய்வது

விலையை மட்டும் பார்த்தால் தவறிவிடுவோம். வாங்கிய பிறகு ஆகும் செலவையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும். பாத்திரத்துக்கு ஈயம் பூச, கதவை ஏற்றி இறக்க, மரத்தில் வண்டு இருந்தால் மருந்து அடிக்க என்று அது நீண்டுகொண்டே போகும். அடுத்தது, பொருள் உண்மையிலேயே பழசா, அல்லது பழசாக்கியதா. மூன்றாவது, உங்களிடம் எவ்வளவு நேரம் இருக்கிறது.

நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பது நான்காவதை. அந்தப் பொருள் யார் வீட்டில் இருந்தது, என்ன வேலைக்குப் பயன்பட்டது என்று தெரிய வழி இருக்கிறதா? கதை தெரிந்த நாழி (அரிசி அளக்கும் படி) ஒன்றும் கதை தெரியாத நாழி ஒன்றும் ஒரே எடை இருக்கலாம், எனக்கு அவை ஒன்றல்ல.

| | ஆக்கர் கடை | இடிக்கும் வீடு | மட்டாஞ்சேரி | போன் வழியாக |
|---|---|---|---|---|
| விலை | எடைக் கணக்கு | பேசி முடிப்பது | அதிகம் | நடுத்தரம் |
| பிறகு வரும் செலவு | சுத்தம், ஈயம் | வண்டி, ஆள்கூலி, மர வேலை | பயணம், பார்சல் | கூரியர், பழுது |
| பழசா என்ற உறுதி | உங்கள் கண்தான் | பெரும்பாலும் உறுதி | கடைக்குக் கடை மாறும் | குறைவு |
| பொருளின் கதை | அபூர்வம் | உண்டு | சொல்வார்கள், சரிபார்க்க முடியாது | இல்லை |
| நேரம் | அடிக்கடி போகவேண்டும் | தகவலுக்குக் காத்திருக்க வேண்டும் | ஒரு நாள் | வீட்டிலிருந்தே |

## ஆக்கர் கடை

மற்ற ஊர்க்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: நீங்கள் காயலான் கடை என்று சொல்வதைத்தான் குமரி மாவட்டத்தில் ஆக்கர் கடை என்கிறோம். எல்லையில் இருக்கும் களியக்காவிளையைத் தாண்டினால் மலையாளத்தில் ஆக்ரிக் கடை.

இங்கே அழகுக்குத் தனி விலை கிடையாது, அதுதான் இதன் பெரிய வசதி. உடைந்த குழாயும் மூக்கு வைத்த நூறு வருடத்துக் கிண்டியும் பித்தளை என்றால் ஒரே கிலோ விலைதான். அந்த விலை மாறிக்கொண்டே இருக்கும், அதனால் போகும் அன்று காலையில் ஒரு பாத்திரக் கடையில் கேட்டுக்கொண்டு போவது நல்லது. தெருத் தெருவாகச் சென்று எடுத்து வருகிறவர்கள் மதியத்துக்கு மேல்தான் கடைக்குத் திரும்புவார்கள். சாக்கைத் தரையில் கொட்டி, செம்பு, பித்தளை, வெண்கலம், அலுமினியம் என்று பிரிக்கும் அந்த அரை மணி நேரம் அங்கே நிற்க வேண்டும். பிரித்துக் கட்டிவிட்டால் அப்புறம் லாரிதான், லாரிக்கு அப்புறம் உலை. உலைக்குப் போக இருந்த ஒன்றைக் கையில் எடுக்கும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளும். எத்தனை வருடம் ஆனாலும் எனக்கு அது குறையவில்லை.

பையில் ஒரு சிறு காந்தமும் ஒரு டார்ச்சும் போதும். பித்தளையிலும் வெண்கலத்திலும் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே பூச்சு. பித்தளையா வெண்கலமா என்று பார்க்க, பாத்திரத்தை விரலில் தொங்கவிட்டு நகத்தால் சுண்டுங்கள். வெண்கலம் கோயில் மணி மாதிரி நீண்டு ஒலிக்கும். செம்பு சுமார் 78 பங்கு, வெள்ளீயம் சுமார் 22 பங்கு சேர்ந்த கலவை அது. நல்ல ஒலி, நல்ல உறுதி, ஆனால் கீழே விழுந்தால் விரிசல் விடும். விரிசல் விட்டது 'டொக்' என்று அடங்கிவிடும். அந்த உருளி எவ்வளவு அழகாக இருந்தாலும் சமைக்க உதவாது, சுவரோரம் வைத்து அழகு பார்க்கலாம்.

எண் கொத்தியிருந்தால் அவசரப்பட்டு ஆங்கில ஆண்டு என்று நினைக்காதீர்கள். இந்த மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும், 1949க்குப் பிறகு அது சேர்ந்த திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. வீட்டுக் கணக்கெல்லாம் கொல்லம் ஆண்டில்தான். அதோடு 824 அல்லது 825 கூட்டினால் நமக்குத் தெரிந்த ஆண்டு வரும். ஆவணியில் ஆண்டு பிறப்பதால்தான் அந்த ஒரு வித்தியாசம். திருவிதாங்கூர்ச் செப்புக்காசு கிடைத்தாலும் இதே கணக்குதான். 1114 என்று இருந்தால் 1938-39. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், பிரிட்டிஷ் ரூபாய் ஒன்றுக்கு இருபத்தெட்டரைச் சக்கரம் என்று மனக்கணக்குப் போட்ட ஊர் இது. சக்கரக் காசு நிறையவே புழங்கியது, அதனால் அதற்குப் பெரிய விலை சொன்னால் நம்ப வேண்டாம்.

ஒருமுறை அப்படிக் குனிந்து புரட்டிக்கொண்டிருந்தபோது கடைக்காரர் கேட்டார்: "என்ன மக்களே, அதுல என்ன இருக்குன்னு இப்படி உருட்டி உருட்டிப் பாக்குதிய?" கையில் இருந்த கோளாம்பியைக் காட்டி, வெற்றிலை போட்டுத் துப்ப வைத்திருந்தது, இதன் வாய் இப்படி விரிந்திருப்பது துப்புகிறவருக்காக என்று சொன்னேன். "அண்ணாச்சி, இதை உருக்கப் போட்டுராதீங்க" என்றும் சொன்னேன். அன்றிலிருந்து அவர் இந்த மாதிரிப் பொருள்களைத் தனியாக ஒரு சாக்கில் எடுத்து வைக்கிறார். கிலோவுக்கு நூறு ரூபாய் கூட்டிக் கேட்பார், மகிழ்ச்சியாகக் கொடுக்கிறேன்.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. பித்தளையில் புளிப்பு எதையும் சமைக்க வேண்டுமானால் உள்ளே வெள்ளீயம் பூசியிருக்க வேண்டும், இல்லையேல் களிம்பு ஏறும். பூசுகிற ஆள் இப்போது எல்லா ஊரிலும் இல்லை. பூசுவது வெள்ளீயம்தானா, காரீயம் கலந்ததா என்று கேட்டுவிட்டே கொடுங்கள், காரீயம் உடம்புக்கு விஷம். வெண்கல உருளிக்கு இந்தத் தொல்லை இல்லை. நம் பக்கத்தில் பூசாமலேயே பாயசம் கிண்டுகிறார்கள்.

இரண்டாவது, திருட்டுப் பொருள். பூட்டிக் கிடக்கும் வீடுகளிலிருந்து போகும் நிலவிளக்குகள் எங்கேயாவது விலையாகத்தானே வேண்டும்? நான் தெரிந்த கடையில் மட்டும் வாங்குகிறேன், துண்டுச் சீட்டிலாவது எழுதி வாங்கிக்கொள்கிறேன். ஒரே கையில் நான்கைந்து விளக்குகள் புதுசாகத் துலக்கி வந்திருந்தால் தொடமாட்டேன்.

நேரம் உண்டு, காசு குறைவு, கண்ணைப் பழக்கிக்கொள்ள ஆசை என்றால் இதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் 'எனக்கு இந்த அளவில் ஓர் உருளி, அடுத்த வெள்ளிக்குள்' என்று பட்டியல் போட்டுக்கொண்டு போகிறவருக்கு இது சரிப்படாது. இங்கே நாம் கேட்பது வராது, வருவதை நாம் பார்க்கலாம்.

## இடிக்கும் வீடு

கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களில் ஓட்டு வீடுகள் வேகமாகக் குறைகின்றன. பிள்ளைகள் வெளிநாட்டில், பங்கு பிரிக்க வேண்டும், கான்கிரீட் வீடு கட்ட வேண்டும். வீடு இறங்கும்போது அயனி மரக் கதவு, பலா மரத்து உத்தரம், நெல் போட்ட பத்தாயம், ஊறுகாய்ப் பரணி, கண்ணாடி போட்ட ஜன்னல் எல்லாம் முற்றத்துக்கு வந்துவிடும். ஓட்டைத் திருப்பிப் பாருங்கள், கம்பெனி பெயர் அழுத்தியிருக்கும். இந்த வகை ஓட்டை மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறித்தவச் சபை 1865இல் ஆலை வைத்துச் செய்யத் தொடங்கியது, பிறகு கேரளக் கரை நெடுகப் பரவியது. பெயர் போட்ட நான்கு ஓடுகளைத் தோட்டத்துப் பாதையில் பதித்தால் போதும், பார்க்கிறவர்கள் நின்று படிப்பார்கள்.

பொருளின் கதை அதை வாழ்ந்தவர் வாயாலேயே கிடைப்பது இங்கே மட்டும்தான்.

மார்த்தாண்டத்துக்கு உள்ளே ஒரு வீடு. இடிக்கும் வேலை தொடங்கியாயிற்று, வீட்டுப் பாட்டி தெங்கு நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வாசலில் நெல் அளக்கும் ஒரு மரப் பறை, வாயைச் சுற்றிப் பித்தளைப் பட்டை. பட்டையில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து கண்ணாடியாக மின்னியது. ஏன் ஒரு பக்கம் மட்டும் என்று கேட்டேன். "தலை வழிக்கிற கம்பு அங்கேதான மக்களே உரசும்" என்று கையை ஓட்டிக் காட்டினார். குவித்த நெல்லை வாயோடு சமமாக வழிக்கும் கம்பு, அவருடைய அப்பாவின் வலக்கை, வருடத்துக்கு இரண்டு அறுப்பு. 4 நாழி ஓர் இடங்கழி, 10 இடங்கழி ஒரு பறை என்று அவர் விரல்விட்டு எண்ணினார். எடை அளவுச் சட்டம் 1956இல் வந்து, 1960களின் தொடக்கத்தில் மெட்ரிக் கட்டாயமான பிறகு அந்தப் பறை மச்சுக்குப் போய்விட்டதாம். இதை எந்தக் கடையிலும் எந்த விலைக்கும் வாங்க முடியாது. அவர் சொன்னதை ஒரு தாளில் எழுதிப் பறைக்குள் வைத்திருக்கிறேன்.

தேய்மானம் ஒரு பக்கமாக இருப்பது, பொருள் உண்மையாகப் புழங்கியதற்கு நல்ல அடையாளம். கட்டைவிரல் படும் இடம் வழுவழுப்பாக, படாத மூலையில் அழுக்கு கறுத்து இருக்கும். புதுசைப் பழசாக்கினால் எல்லா இடமும் ஒரே மாதிரி மங்கியிருக்கும்.

இனி கஷ்டங்கள். இடிக்கும் ஒப்பந்தக்காரர் மொத்தமாக விலை பேசி எடுத்திருந்தால் வீட்டார் கொடுப்பதாகச் சொன்னாலும் செல்லாது. யாருக்கு உரிமை என்று முதலில் கேளுங்கள். பங்காளிகளுக்குள் பேச்சு முடியாத வீட்டில் கைவைக்கவே வேண்டாம். கதவு 3,000 ரூபாய்க்குக் கிடைக்கலாம், ஆனால் அதை ஏற்றி இறக்க நான்கு ஆள் வேண்டும். புது வீட்டு நிலைக்கு அளவு பொருந்தாது, தச்சர் பாதியை மாற்றுவார். நான் பார்த்தவரை, பழைய கதவைப் பொருத்தி முடிப்பதற்குள் வாங்கிய விலையைவிடக் கூடுதலாகவே ஆகிறது. அதனால் கட்டத் தொடங்கும் முன்பே கதவை வாங்கி, அதன் அளவுக்கு நிலை வைக்கச் சொல்லுங்கள். மரத்தின் அடியில் மாவு போல உதிர்ந்தால் வண்டு இருக்கிறது. வீட்டுக்குள் கொண்டுபோகும் முன் வெளியிலேயே மருந்து அடித்துவிடுங்கள்.

இன்னொன்று. பெட்டிகளில் கடிதக் கட்டுகள் இருக்கும். திருவிதாங்கூர் 1888 முதல் சங்கு முத்திரை போட்ட அஞ்சல் தலைகளை வெளியிட்டது. 1951இல் அந்த அஞ்சல் இந்தியத் தபாலோடு சேர்ந்தது. அப்படி ஓர் உறை கண்ணில் பட்டால் ஆசை வரும். ஆனாலும் கடிதத்தை வீட்டாரிடம் கொடுத்துவிட்டு, அவர்கள் வேண்டாம் என்றால் மட்டும் எடுங்கள்.

## மட்டாஞ்சேரி

நாகர்கோவிலிலிருந்து கொச்சிக்கு 280 கிலோமீட்டர் பக்கம் வரும். இரவு ரயிலில் போய், எர்ணாகுளத்திலிருந்து பஸ்ஸிலோ படகிலோ மட்டாஞ்சேரி சேரலாம். 1568இல் கட்டிய யூதக் கோயிலுக்குப் போகும் தெருவிலும் அதன் பக்கங்களிலும் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. மிளகு வாசம் வீசும் பழைய கிட்டங்கிகளுக்குள் முழுத் தூண், முழுக் கதவு, ஆள் படுக்கும் அளவு வார்ப்பு என்று பார்த்துக்கொண்டே நடக்கலாம்.

இங்கே நாம் கொடுக்கும் விலையில் பெரும்பங்கு அடுத்தவர் தேடியதற்கான கூலி. அது நியாயமான கூலிதான்: யாரோ எத்தனையோ வீடு ஏறி இறங்கி, சுத்தம் செய்து, வாடகைக் கடையில் வைத்திருக்கிறார்கள். ஆனால் பழைய மரத்தில் புதுசாகச் செய்த சாமானும் கலந்தே நிற்கும். 'இது பழசா, பழைய மாதிரியில் செய்ததா?' என்று நேராகக் கேளுங்கள். நல்ல கடைக்காரர் நேராகவே பதில் சொல்வார். சொன்னதை பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் வணக்கம் சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போகலாம். பெரிய பொருள் என்றால் பார்சல் கட்டணம், வழியில் உடைந்தால் யார் பொறுப்பு என்பதெல்லாம் பணம் கொடுக்கும் முன்பே பேசிவிட வேண்டும்.

கண் பழகாமல் அங்கே போகவேண்டாம் என்பது என் கருத்து. நமக்குப் பக்கத்திலேயே பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. தமிழ்நாட்டு மண்ணில் நின்றாலும் கேரளத் தொல்லியல் துறை பராமரிக்கிறது. திங்களன்று மூடியிருக்கும். முன்வாசல் மண்டபமான பூமுகத்தில் தொங்கும் குதிரை விளக்கைப் பாருங்கள், சீனச் சாடிகளைப் பாருங்கள், உத்தரத்து மரச் செதுக்கில் உளி பட்ட தடத்தைப் பாருங்கள். கைவேலை ஒரே அச்சில் வராது என்பது அங்கே அரை நாளில் கண்ணுக்குள் இறங்கிவிடும். அதன்பிறகு கடையில் ஒரே முகத்தோடு நிற்கும் பத்து விளக்குகளைத் தானாகவே கடந்து போவீர்கள்.

நேரம் இல்லை, பணம் உண்டு, குறிப்பிட்ட பொருள் குறிப்பிட்ட அளவில் வேண்டும் என்பவர்களுக்கு இதுதான் சரி. புத்தகம் தேடுகிறவர்கள் அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. திருவனந்தபுரம் பாளையம் பக்கத்துப் பழைய புத்தகக் கடைகளே போதும்.

## போன் வழியாக

வசதிதான், மறுக்கவில்லை. பீங்கான் தட்டு, பழைய கேமரா, வால்வு ரேடியோ எல்லாம் படத்தோடு வரும். ஆனால் சுண்டிப் பார்க்க முடியாது, தூக்கிப் பார்க்க முடியாது, முகர்ந்து பார்க்க முடியாது.

ஒரு எச்.எம்.டி. கைக்கடிகாரம் படத்தில் புத்தம் புதுசாக இருக்கிறதே என்று வாங்கினேன். வந்த பிறகு பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் டயலை மறுபடி அச்சடித்திருந்தார்கள், முள் வேறொரு மாடலுடையது. அறுபது வருடத்துக் கடிகாரத்தின் முகம் பளிச்சென்று இருந்தால் சந்தேகப்பட வேண்டும் என்று அன்று கற்றுக்கொண்டேன். விற்பவர் பக்கத்து ஊர்க்காரராக இருந்து, நேரில் போய்ப் பார்த்து வாங்குவதானால் சரி. உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் செட்டில் ஒரு மூடியோ ஒரு கப்போ குறைந்தால், அதைத் தேடவும் இது நல்ல வழி. முதல் பொருளை இப்படி வாங்காதீர்கள்.

## எங்கே கிடைத்தாலும் வாங்கக் கூடாதவை

சாமி சிலை, தந்தம், மான் கொம்பு. தந்தமும் கொம்பும் வாங்குவதும் விற்பதும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பழைய வீட்டுச் சுவரில் எத்தனை தலைமுறையாகத் தொங்கினாலும் விலைக்கு எடுக்க முடியாது. சிலைகளின் பின்னால் கோயில் திருட்டு இருக்கக்கூடும். அதற்கென்றே தமிழ்நாட்டில் 1983 முதல் காவல்துறையில் தனிப் பிரிவு இருக்கிறது. ஓலைச்சுவடி கண்ணில் பட்டால் வீட்டாரிடம் காரியவட்டத்தில் இருக்கும் கேரளப் பல்கலைக்கழகக் கையெழுத்துச் சுவடி நூலகத்தைப் பற்றிச் சொல்லுங்கள்.

துபாய் உறவுக்காரருக்கான பதிலும் இதில்தான் இருக்கிறது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 வருடம் தாண்டிய கலைப்பொருளைத் தனிநபர் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. 1103 போட்ட என் செல்லமே இன்னும் ஓரிரு வருடத்தில் அந்தக் கணக்குக்குள் வந்துவிடும். அவருக்கு நான் சொன்னது: நாழி, காசு, பீங்கான் என்று சின்னதாக, ஆண்டு தெரிந்ததாக, நூறுக்குள் இருப்பதாக, பில்லோடு எடுங்கள். பழமையை விட்டு அழகு போதுமென்றால், ஆலப்புழை மாவட்டத்து மாந்நாரில் இன்றும் வெண்கலம் வார்க்கிறார்கள். புது உருளி ஒன்றை நிம்மதியாகக் கொண்டுபோகலாம்.

குழித்துறைக்காரர் கதவுக்கு இடிக்கும் வீடுகளைத் தேடட்டும். அக்கம்பக்கத்துத் தச்சர்களிடமும் ஓடு பிரிக்கிறவர்களிடமும் போன் நம்பர் கொடுத்து வைத்தால் தகவல் தானாக வரும். உருளி அவசரமானால் மட்டாஞ்சேரி, பொறுக்க முடிந்தால் ஆக்கர் கடை. மாணவிக்கு இரண்டாவது யோசனையே தேவையில்லை. ஞாயிறன்று கடை திறந்திருக்குமா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளட்டும். அவள் அதற்குள் ஒருமுறை போய், 40 ரூபாய்க்கு ஒரு பித்தளைக் கைப்பிடி வாங்கி வந்துவிட்டாள். எதன் கைப்பிடி என்று இரண்டு பேரும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

துலக்குவதைப் பற்றியும் கேட்டிருந்தாள். புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தால் பித்தளை பத்து நிமிடத்தில் பொன்னாகிவிடும். கம்பி நார் மட்டும் வேண்டாம், கொத்திய எழுத்து மழுங்கும். செல்லத்தை நானும் அப்படித்தான் துலக்கினேன், வெளிப்பக்கம் மட்டும். உள்ளே அந்தச் சுண்ணாம்பையும் விரல் தடத்தையும் இன்றுவரை தண்ணீர் படாமல் வைத்திருக்கிறேன்.